சமையல் கொட்டகைக்குப் போன குரல்

பேசுவதுதான் என் பிழைப்பு. முக்கோனோ வட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தாலும், பெண் வீட்டு வாயாக முன்னால் உட்காருபவன் இந்தக் கலூலேதான். பெண்ணின் அப்பா பேசக்கூடாது, மாப்பிள்ளை மூச்சே விடக்கூடாது. இரு வீட்டாரும் ஆளுக்கொரு பேச்சாளனை வைத்துத்தான் வழக்காட வேண்டும். குவாஞ்சுலா என்கிற பெண் கேட்கும் சடங்கு என்றால் அப்படித்தான். விடுகதை போடுவேன், வம்புக்கு இழுப்பேன், "யாரு நீங்க? வழி தவறி வந்துட்டீங்களா?" என்று வந்தவர்களையே விரட்டுவேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை. வீட்டுத் தகப்பன் என்ன சொல்லச் சொன்னாரோ அதைத்தான் சொல்லலாம். மீறினால் அதற்கப்புறம் ஒரு வீட்டிலும் எனக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

இத்தனை பீற்றிக்கொள்கிறேனே, இந்த வாய் கடைசிப் பந்தல்வரை கேட்கிறதென்றால் அதற்குக் காரணம் ஒருத்தி. ஸ்கோவியா நம்பூஸே. அவளை முதன்முதலில் பார்த்தது ஸீட்டாவில் ஒரு கல்யாணத்தில். நான் வாயைத் திறந்தபோதெல்லாம் மைக் வீலென்று கத்தியது. எனக்கு வந்ததே கோபம்! "யாருய்யா அங்க மிக்ஸர்ல? தூங்கறியா?" என்று கத்தினேன். காற்சட்டை போட்ட ஒரு பெண், தோளில் கேபிள் சுருளோடு எழுந்து நின்றாள்.

"நான்தான் அண்ணே. ஸ்பீக்கருக்கு முன்னாடி போய் நின்னுக்கிட்டு ஸ்பீக்கரைத் திட்டினா எப்படி? ரெண்டு அடி பின்னால வாங்க."

வந்தேன். கத்தல் நின்றது. கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது, என் பிழைப்பில் முதல் தடவையாக நான் சொல்லாத நகைச்சுவைக்கு. அன்றிலிருந்து அவள் இல்லாத விசேஷத்துக்கு நான் ஒப்புக்கொள்வதே இல்லை.

அவள் அப்பா கிசிட்டு ஐயா வெனிலா வளர்ப்பவர். ஒவ்வொரு பூவையும் விடியற்காலையில் கையாலேயே தொட்டுச் சூல் வைக்கிற வேலை. அந்தப் பூக்களுக்குக் கேட்கிற அளவுக்குத்தான் அவர் பேசுவார். பக்கத்தில் நிற்பவர்களுக்கே பாதி கேட்காது. அவருக்கு வாய்த்த மகளோ, சிறு வயதில் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து எல்லோர் சுருதியையும் கெடுத்தவள். பாதிரியார் அவளை அழவிடாமல், "நீ இந்த மெஷின் பக்கத்துல உக்காந்து யாரு சத்தம் கம்மியா இருக்குன்னு பாத்துச் சொல்லும்மா" என்று உட்கார வைத்தார். உட்கார்ந்தவள்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. பள்ளி முடித்து, ஓட்டல்களில் கேபிள் தூக்கி, லாரி மேல் ஏறி ஸ்பீக்கர் கட்டி, முப்பது வயதில் சொந்தமாக ஒரு நெட்வொர்க் மிக்ஸர் வாங்கிவிட்டாள். வாங்கிய அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு வேனில் வந்தாள். பிள்ளை பெற்றவள்கூட ஆஸ்பத்திரியிலிருந்து அத்தனை பத்திரமாக வர மாட்டாள்.

எனக்கு அது விளங்கவில்லை. சப்பாத்தியில் முட்டை சுருட்டித் தரும் கடையில் உட்கார்ந்து கேட்டேன்.

"பழசுக்கும் இதுக்கும் என்னடி வித்தியாசம்?"

"பழசுல ஒண்ணாம் ஓட்டையில மைக்கைச் சொருகினா ஒண்ணாம் குமிழ்லதான் குரல் வரும். இதுல எல்லா மைக்கும் மேடைக்கடியில ஒரு பெட்டியில சொருகுது. அங்கேருந்து அத்தனை குரலும் ஒரே ஒரு மெல்லிசு கேபிள்ல என்கிட்ட வருது."

"ஒரே கேபிள்லயா? என் குரலும் அந்த கிவும்பிப் பய குரலும் உள்ள கட்டிப் புரண்டு சண்டை போடாது?"

கிவும்பி என்பவன் மாப்பிள்ளை வீடுகளுக்குப் பேசுகிறவன். என் பரம விரோதி. வாரக் கடைசிகளில் மட்டும்.

"போடாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் இருக்கு. எந்த நம்பர் எந்தக் குமிழுக்கு வரணும், அங்கேருந்து எந்த ஸ்பீக்கருக்குப் போகணும்னு நான் உள்ள வழி போட்டு வெப்பேன். சொருகற இடம் வேற, போய்ச் சேர்ற இடம் வேற."

நான் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி, உங்க சடங்கையே எடுத்துக்கோங்க. மாப்பிள்ளை மனசுல இருக்கறது நேரா பொண்ணோட அப்பா காதுக்குப் போகுதா?"

"அது எப்படிப் போகும்? கிவும்பிகிட்ட வந்து, கிவும்பி என்கிட்டச் சொல்லி, நான் அவர்கிட்டச் சொல்லணும்."

"பொண்ணு மனசுல இருக்கறது?"

"அத்தை வழியாத்தான் வெளிய வரும்."

"அவ்ளோதான் அண்ணே. யாரு பேச்சு, யாரு வழியா, யாரு காதுக்கு. இந்தப் பெட்டியில இருக்கறது மொத்தமும் அதுதான்."

"இதுக்கா இவ்ளோ பெரிய மெஷின்? ஒரு அத்தை போதுமேடி!"

டீ அவள் மூக்கு வழியாக வந்துவிட்டது.

அந்த மெஷினால்தான் அவளுக்குக் காதலும் வந்தது. டெனிஸ் முயிங்கோ என்று ஒரு பேஸ் கிட்டார்க்காரன். மேடையில் வாசிப்பவர்கள் காதில் மாட்டியிருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குத் தனித்தனி வழி உண்டு. அவரவருக்கு வேண்டியது அவரவர் காதில் கேட்கும். தன் மைக்கில் பேசி, அதை டெனிஸின் காதுக்கு மட்டும் அனுப்ப ஸ்கோவியா ஒரு வழி போட்டு வைத்திருந்தாள். ஆயிரம் பேர் நடுவில் அவன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருப்பான். திடீரென்று பல்லை இளிப்பான். பாடகி முறைப்பாள். "இப்ப ஒரு சுரம் தப்பா விழுந்துச்சு. எனக்கு மட்டும்தான் தெரியும், பயப்படாதீங்க" என்று இவள் அங்கிருந்து சொல்லியிருப்பாள். ஒரு வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் துக்க வீட்டுப் பாட்டுக்கு நடுவில் அவன் இளித்துத் தொலைத்தான். அதற்கப்புறம்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது.

இரு வீட்டிலும் சம்மதம். தேதி குறித்தாயிற்று. அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை யூனிஸ் அம்மா ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா லாரி மேல ஏர்றதும் ஒயர் இழுக்கறதும் எங்க வீட்டுக்கு ஒத்து வராது. இங்க வந்தப்புறம் அந்த வேலையை விட்டுடணும். சபையில வெச்சு ஒப்புக்கணும்."

கிசிட்டு ஐயா ஒப்புக்கொண்டார். கொடுமைக்காரர் இல்லை அவர், பயந்தவர். முப்பத்தொரு வயது மகளுக்கு வந்த நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று பயம். என்னைக் கூப்பிட்டு, அந்த வெனிலாக் குரலில், "அவங்க கேக்கும்போது சரின்னு சொல்லிடு கலூலே" என்றார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? 

சடங்கு நாள் வந்தது. தோட்டத்தில் எதிரெதிராகப் பந்தல்கள், எள் போட்டால் எள் விழாத கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை அங்கி அணிந்து கூடை கூடையாகச் சுமந்து வந்தார்கள். கூடவே ஒரு மிக்ஸரும் வந்தது!

காரணம் இருக்கிறது. பெண் வீட்டு மிக்ஸரில் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளன் குரல் எப்போதும் கொஞ்சம் அமுங்கித்தான் கேட்கும். ஊரறிந்த ரகசியம் இது. எத்தனை வழக்காடல்களை நான் அப்படி ஜெயித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும், விடுங்கள். அதனால் கிவும்பி இந்தத் தடவை சொந்த மிக்ஸர், சொந்த ஆள் என்று கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவனைக் கூட்டி வந்துவிட்டான். "உங்க ஆளு கையில என் குரலைக் குடுக்கறதுக்கு ஊமையாவே இருந்துடுவேன்" என்றான்.

ஸ்கோவியா முதல் நாளே சம்மதித்திருந்தாள். "வரட்டுமே, அவங்க மிக்ஸரையும் நம்ம நெட்வொர்க்ல சேத்துக்கலாம். நம்ம பந்தல் ஸ்பீக்கர் நம்ம மிக்ஸர்ல, அவங்க பந்தல் ஸ்பீக்கர் அவங்க மிக்ஸர்ல. ஆனா மைக்கெல்லாம் ஒரே பெட்டியிலதான் சொருகும். அந்தப் பெட்டியில குரலை ஏத்தி இறக்கற பிடி ரெண்டு பேருக்கும் பொது. அதை ஒருத்தர்தான் தொடணும்." எங்கள் பக்கம் மிக்ஸரில் உட்கார்ந்த அவள் தோழி ஜைனாதான் அந்த ஒருத்தர் என்று பேச்சு.

பேச்சு என்ன பேச்சு! ஸ்கோவியா உள்ளறையில், தோள் கூர்த்த மினுமினுக்கும் கொமேசி உடையில், தன் அத்தை காவலில். மிக்ஸரை எங்கிருந்தும் இயக்குகிற அவளுடைய டேப்லட்டையும் அத்தை பிடுங்கிவிட்டார். வெளியே நான் வாயைத் திறந்தேன்.

முதல் கொஞ்ச நேரம் சொர்க்கம். எங்கள் பந்தலில் என் குரல் ஓங்கி ஒலித்தது, அவர்கள் பந்தலில் கிவும்பியின் குரல். என் நகைச்சுவைக்கு இந்தப் பக்கம் மட்டும் சிரித்தது, அவன் நகைச்சுவைக்கு அந்தப் பக்கம் மட்டும். இரண்டு பேரும் ஜெயித்துக்கொண்டிருந்தோம்! பிறகு கறுப்புக் கண்ணாடி பெட்டியில் என் குரலை லேசாக இறக்கினான். ஜைனாவுக்குத் தெரியாதா? ஏற்றினாள், கூடவே கிவும்பியை இறக்கினாள். அவன் கிவும்பியை ஏற்றி என்னை இன்னும் இறக்கினான். இவள் விடுவாளா? பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் ஒரே பிடியைப் பிடித்து இழுத்ததில், எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து ஒரே ஊளை. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சேவல்கூடக் கூடையிலிருந்து எகிறி ஓடியது.

அந்தப் பதற்றத்தில் கறுப்புக் கண்ணாடி செய்தானே ஒரு காரியம்! வேறு ஏதோ விசேஷத்துக்குச் சேமித்து வைத்திருந்த வழிகளை ஒரே பட்டனில் எடுத்துப் போட்டுவிட்டான். ஊளை நின்றது. எல்லாமே நின்றது. என் மைக்கில் நான் பேசினேன், எனக்கே கேட்கவில்லை. என் குரல் எந்த ஊருக்குப் போனதென்று இன்றுவரை தெரியாது. அதே நேரம் பார்த்து வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. பந்தல் துணிமேல் மழை அடிக்கிற அடியில் பக்கத்து நாற்காலிக்காரன் பேசுவதே கேட்கவில்லை.

கிவும்பி தன் குரல் போன இடம் தெரியாமல், கையை ஆட்டி ஆட்டி விடுகதை போட்டுக்கொண்டிருந்தான். அப்போது சமையல் கொட்டகையிலிருந்து ஒரு அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். பரிமாறும் நேரம் தெரியட்டும் என்று ஸ்கோவியா அங்கே ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தாள்.

"யாருப்பா அது, எங்க அடுப்பாண்ட நின்னு பொண்ணு கேக்கறது? கதவில்லாத வீடு, உள்ள மஞ்சள் ராஜாவாம்! முட்டைன்னு நாங்களும் கத்திக் கத்திப் பாத்துட்டோம், அடுத்த கேள்விக்குப் போறான். எங்ககிட்ட பொண்ணு இல்லை சாமி, வாழைக்காய்தான் இருக்கு!"

நான் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பேன். கிவும்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருடப் பேர், இத்தனை பெரிய சபை, அவன் வெளுத்து வாங்கியதெல்லாம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு.

சிரித்து முடித்தபிறகுதான் உறைத்தது. ஒலி இல்லாமல் சடங்கு நகராது. சபையில் சொல்லாத வார்த்தை சொன்னதாகவே கணக்கில்லை. ஜைனா தலையில் கைவைத்துக்கொண்டு, "வழியெல்லாம் அவ தலையிலதான் இருக்கு அண்ணே, எனக்குப் பாதிதான் தெரியும்" என்றாள். கறுப்புக் கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். யூனிஸ் அம்மா கிளம்பிவிடுகிற முகத்தோடு கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்கு ஓடினேன்.

"தாயே, சரி பண்ணு!"

அத்தை குறுக்கே வந்தார். "அவ இன்னைக்கு மணப்பொண்ணு. வேலையைத் தொடக்கூடாது. அவங்களுக்கு ஒயர்க்காரி வேண்டாமாமே, அப்புறம் என்ன?"

ஸ்கோவியா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கிவும்பி சமையல்காரிகளிடம் பெண் கேட்டதை ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அத்தை சொல்றது சரிதான் அண்ணே. வேண்டாம்னு சொன்ன கையை நானா எப்படி நீட்டறது? அவங்க கேக்கட்டும். முறைப்படி, மண்டி போட்டுக் கேக்கட்டும். உடனே செய்றேன்."

"அடியே, கிவும்பி சேத்துல மண்டி போடுவானா?"

"எனக்கு டெனிஸ் வேணும். இந்த வேலையும் வேணும். ரெண்டும் கேட்டா பேராசையா அண்ணே? வேலையை விட்டுட்டு நான் அந்த வீட்டுல என்ன செய்வேன், சொல்லுங்க."

 

ஓடிப்போய் அவர்கள் பந்தலில் நின்று, மழையோடு போட்டி போட்டுக் கத்தினேன். "எங்க வீட்டுல இதைச் சரி பண்ற கை ஒண்ணு இருக்கு. வேணும்னா முறைப்படி கேளுங்க!"

கிவும்பி வானத்தைப் பார்த்தான், சேற்றைப் பார்த்தான், தன் சலவை அங்கியைப் பார்த்தான். "கலூலே, நீ விளையாடற" என்றான். யூனிஸ் அம்மா, "ஒரு ஒயருக்காக மண்டி போடறதா? நல்லாருக்கு கதை" என்றார்.

காலையிலிருந்து ஊமை கண்ட கனவாக உட்கார்ந்திருந்த டெனிஸ் எழுந்தான். பேசக்கூடாதுதான். ஆனால் மண்டி போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே! அவன் அத்தை அங்கியைப் பிடிப்பதற்குள் விறுவிறுவென்று மழையில் இறங்கி நடந்து, எங்கள் பந்தல் முன் செம்மண் சேற்றில் தொப்பென்று இரண்டு முழங்காலும் ஊன்றினான். வெள்ளை அங்கி முட்டிவரை சிவப்பு. பெண்கள் பக்கம் ஒரு குலவை கிளம்பியது பாருங்கள், மழையே ஒரு நிமிடம் பயந்துவிட்டது.

மாப்பிள்ளை மண்டியிட்டபின் பேச்சாளன் நிற்கலாமா? கிவும்பி வாய்க்குள் என்னைத் திட்டிக்கொண்டே வந்து அவன் பக்கத்தில் ஊன்றினான். திட்டியது எனக்கு மட்டும்தான் தெரியும். பிறகு தொழில்காரன் தொழிலைக் காட்டினான். மைக் இல்லாமல், அடிவயிற்றிலிருந்து:

"இந்த வீட்டுல ஒலியை ஆளத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கறதா கேள்விப்பட்டோம். அந்தக் கையைக் கேட்டுத்தான் வந்திருக்கோம் ஐயா. குடுங்க!"

உள்ளே அத்தை இத்தனை நேரமும் அந்த டேப்லட் மேலேயே உட்கார்ந்திருந்தாராம். எழுந்து கொடுத்தார். ஹெட்போனையும் அவரே மாட்டிவிட்டாராம்.

அறையை விட்டு வெளியே வராமலே வேலையை முடித்தாள். முதலில் அந்தப் பொதுப் பிடியைக் கறுப்புக் கண்ணாடியின் மிக்ஸரிலிருந்து பூட்டினாள். இனி அவன் தன் பந்தல் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கலாம், பெட்டியைத் தொட முடியாது. பிறகு ஒவ்வொரு குரலாக வழி போட்டாள். சமையல் கொட்டகையில் கிவும்பி அடங்கினான், பந்தலில் முளைத்தான். என் மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. அடேயப்பா, என் மூச்சை அவ்வளவு ஆசையாக நான் ஒருநாளும் கேட்டதில்லை. மழை அடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் கடைசி நாற்காலிவரை வார்த்தை ஒன்றுகூடச் சிந்தவில்லை. இரண்டு பந்தலும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தன. கிவும்பியும் நானும் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டோம், அப்படி ஒரு வழக்காடல் அதற்குமுன் அமைந்ததே இல்லை.

எல்லாம் இனிதாகப் போய்க்கொண்டிருக்கும்போது யூனிஸ் அம்மா கிவும்பியின் தோளைத் தட்டிக் காதில் ஏதோ சொன்னார். கிவும்பியின் சிரிப்பு அடங்கியது. அவன் வாயும் அவனுடையது இல்லையே. மைக்கைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான்:

"முன்னமே பேசினதுதான். எங்க வீட்டுக்கு வந்தப்புறம் பொண்ணு இந்த வேலையை விட்டுடணும். ஒப்புக்கறீங்களான்னு சபையில கேக்கச் சொன்னாங்க."

சரி என்று நான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மைக்கை வாய்வரை கொண்டுபோனேன், வார்த்தை வரவில்லை. ஐயோ, வாயை வைத்துப் பிழைத்தவனுக்கு வார்த்தை வரவில்லை! ஸ்கோவியா உள்ளே ஹெட்போனில் என் மூச்சையும் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது வேறு நெஞ்சை அறுத்தது.

திரும்பி, கிசிட்டு ஐயா முன்னால் மண்டியிட்டேன். "ஐயா, நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. இருந்தாலும் இன்னொரு தடவை கேக்கறேன். என்ன சொல்லட்டும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சேற்றில் பதிந்திருந்த முழங்கால் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி என் மைக்கை வாங்கினார். சபை திகைத்தது. தகப்பன் பேசுவதா! மைக்கை எங்கே பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்கு நேராக, பூங்கொத்து மாதிரி பிடித்துக்கொண்டு, அந்தக் கேட்காத குரலில் ஆரம்பித்தார்.

முதல் இரண்டு வார்த்தை யாருக்கும் எட்டவில்லை. அப்புறம் அவர் குரல் மெல்ல மெல்ல ஏறியது. அவர் சத்தமாகப் பேசவில்லை. உள்ளேயிருந்து ஒரு விரல் ஏற்றியது. அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. விட்டுவிடு என்றே சொல்லியிருக்கலாம். அதுவும் கடைசிப் பந்தல்வரை துல்லியமாகப் போய்ச் சேரட்டும் என்றுதான் ஏற்றினாள்.

"நான் சரின்னு சொல்லிவெச்சது நிஜம்தான்" என்றார். "ஆனா இந்தச் சேத்துல நீங்க மண்டி போட்டுக் கேட்டது அந்தக் கையைத்தான். கேட்டதைத் தர்றேன். கையோடதான் வருவா, வேலையோடதான் வருவா. வேணும்னா கூட்டிட்டுப் போங்க. வேண்டாம்னா சோறு தயாரா இருக்கு, சாப்பிட்டுட்டு நல்லபடியாப் போங்க."

கடைசி வார்த்தையில் அவர் குரல் ஒரு குலுங்கு குலுங்கியது. குலுங்கியது அவர் இல்லை, டேப்லட் மேலிருந்த விரல்.

டெனிஸ் தன் அத்தையைப் பார்த்தான், கிவும்பி பார்த்தான், கறுப்புக் கண்ணாடிகூடப் பார்த்தான். யூனிஸ் அம்மா மழையைப் பார்த்தார், மண்ணாகிக் கிடந்த மாப்பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் கிவும்பியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"இந்த மழையில எங்க திரும்பிப் போறது? முட்டியெல்லாம் சேறாக்கிட்டு வெறுங்கையோடவா போவோம்? பொண்ணை வெளிய கூப்பிடுங்கய்யா, எவ்ளோ நேரம்!"

அதற்குமேல் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. குலவை, கைதட்டல், முரசு, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. கிவும்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான், இரண்டு பேரும் வழுக்கி விழுந்தோம், விழுந்த இடத்திலிருந்தே சிரித்தோம். உள்ளேயிருந்து அத்தைமார்கள் ஆடிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் நடுவில் ஸ்கோவியா, கண்மையெல்லாம் கன்னத்தில் ஓடியிருக்க, கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்ற மறந்து, அப்பாவைப் பார்த்தபடியே ஆடிக்கொண்டு வந்தாள்.